ஆடாதோடை வேரடியில் பூஞ்சை தேடி

இந்த முறை ஒப்பிட்டுப் பார்த்தது மூன்று இடத்து மண்: வேலியோர ஆடாதோடை, தொட்டித் துளசி, கிணற்றடிக் கீழாநெல்லி. சருகை ஒதுக்கிவிட்டு, சல்லிவேர் ஓடும் ஆழத்தில் வேரோடு சேர்த்து மண் எடுத்தேன். உழவர்கள் உரக்கடையில் 'வேம்' (VAM) என்று கேட்டு வாங்கும் வேர் உட்பூசணம்தான் நான் தேடுவதும்; வேருக்குள் குடியிருந்து, செடிக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சை அது. ஆனால் பாக்கெட்டில் வருவதை அல்ல, மண்ணில் தானாகவே குடியிருப்பதை.

கெர்டமனும் நிக்கல்சனும் 1963இல் எழுதிய ஈரச் சல்லடை முறை வீட்டிலேயே செய்யக்கூடியது. மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை மட்டும் வடிகட்ட வேண்டும். முதலில் டீ வடிகட்டி, அடுத்து ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு விற்கும் மிக நெருக்கமான நைலான் துணி. துணியில் தங்கியதைக் கெட்டிச் சர்க்கரைக் கரைசலில் விட்டால் பூஞ்சையின் வித்துகள் (ஸ்போர்கள்) மிதந்து வரும். உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். தாமதித்தால் வித்துக்குள் இருக்கும் நீரைச் சர்க்கரைக் கரைசல் இழுத்துக்கொள்ள, வித்துகள் சுருங்கிவிடும்.

ஆடாதோடை மண்தான் என்னை நெடுநேரம் நுண்ணோக்கியை விட்டு எழவிடவில்லை. பூஞ்சை இழைத்துண்டு ஒட்டிய தேன்நிற வித்து உருண்டைகள் குளோமஸ் வகை. இழையே இல்லாமல் பக்கவாட்டில் ஒரு தழும்பு மட்டும் இருந்தவை அகாலோஸ்போரா. வெறுங்கண்ணுக்கே புள்ளியாகத் தெரிந்த பெரிய வித்தின் அடியில் இழை குமிழாகப் புடைத்திருந்தது. அது கிகாஸ்போரா வகை. இதற்கு மேல் இனப்பெயர் சொல்ல என் கருவி போதாது, சொல்லவும் மாட்டேன்.

துளசித் தொட்டியில் சின்னஞ்சிறு வித்துகள் ஒரே வகையில், அதுவும் அரிதாக. மணிச்சத்து மிகுந்த டிஏபி உரம் அவ்வப்போது போட்ட தொட்டி அது. மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி பூஞ்சைக்குத் தீனி போடுவதைக் குறைத்துக்கொள்ளும். காரணம் அதுவாக இருக்கலாம். ஒரு தொட்டியை வைத்து முடிவுகட்ட மனமில்லை.

கீழாநெல்லி மண்ணிலும் வித்து குறைவுதான். ஆனால் வேரைப் பார்த்ததும் கணக்கே மாறிவிட்டது. சல்லிவேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெளுக்கவைத்து (கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்), வினிகரில் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிட்டேன். வேர் நெடுக நீல இழைகள், இடையிடையே முட்டை வடிவப் பைகள். ஒரு செல்லுக்குள் இழை குட்டி மரம்போல் கிளைத்துக் கிளைத்து நிறைந்திருந்தது. மணிச்சத்தும் சர்க்கரையும் கைமாறும் இடம் அதுதான். சரிபார்க்கக் கடுகு வேருக்கும் அதே சாயம் ஏற்றினேன். இந்தப் பூஞ்சையோடு உறவு கொள்ளாத குடும்பம் அது. எதிர்பார்த்தபடியே கிளைத்த இழை ஒன்றும் இல்லை.

ஆகவே வித்தை மட்டும் எண்ணி 'இந்த மண்ணில் பூஞ்சை இல்லை' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். வேருக்குள் செழித்திருந்தும் வித்து விடாத காலம் அவற்றுக்கு உண்டு.

பூஞ்சையை வளர்த்து வித்து விடவைக்க, இப்போது மூன்று மண்ணையும் ஆவியில் வேகவைத்த மணலோடு தனித்தனித் தொட்டிகளில் கலந்து சோளம் விதைத்திருக்கிறேன். கதிர் வந்ததும் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, மறுபடி சலித்துப் பார்க்க வேண்டும். கீழாநெல்லித் தொட்டியைத்தான் முதலில் பிரிப்பேன்.