செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம்: ஒரு பனியன் கம்பெனி நாட்குறிப்பு

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி

இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 25 சதவீதக் கூடுதல் வரி நேற்று அமலுக்கு வந்துவிட்டது. 27ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் வரும் என்றும் அறிவித்தாகிவிட்டது. திருப்பூர் முழுக்க டீக்கடையில்கூட இதே பேச்சு. எங்கள் காலை மீட்டிங்கில் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. காலருக்கான ரிப் துணி ஏன் இன்னும் டையிங்கிலிருந்து (சாயப்பட்டறை) வரவில்லை, பாலிபேக் தீர்ந்துவிட்டது, மூன்றாவது தையல் லைனில் பிளாட்லாக் மெஷின் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள் என்பதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று.

எங்கள் மேனேஜர்கள் அன்றாடத் தலைவலியைச் சமாளிப்பதில் சூரர்கள். ராத்திரி 11 மணிக்குத் துணி வந்தாலும் விடியறதுக்குள் கட்டிங் போட்டு, சொன்ன தேதிக்குக் கண்டெய்னரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிடுவார்கள். போனஸும் இன்கிரிமென்ட்டும் அதற்குத்தானே கொடுக்கிறோம்! அடுத்த வருடம் எந்த பையர் நம்மோடு இருப்பான் என்று யோசித்ததற்காக இந்த ஊரில் ஒரு மேனேஜருக்குச் சம்பளம் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அது எம்.டி.யின் வேலை என்று விட்டுவிட்டார்கள். எம்.டி.க்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

அவரிடம் பேசி ஒன்று வாங்கியிருக்கிறேன். செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம். ஷிப்மென்ட் பேச்சு கிடையாது, போன் வெளியே. “அந்த ஒரு மணி நேரம் லைன் நின்னா யாருங்க பொறுப்பு?” என்றார். நிற்கிறதா என்று பார்த்துவிடலாமே என்றேன்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

லைன் நிற்கவில்லை.

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. “இது 2026 ஆகஸ்ட். கம்பெனி பாதியாகச் சுருங்கிப் போச்சு. எதனால? பேர் போடாம எழுதுங்க.” அமெரிக்க உளவியலாளர் கேரி கிளெய்ன் சொன்ன முறை இது. எனக்குப் பிடித்ததற்குக் காரணம் நம்ம ஊர் சுபாவம். என்ன கெடுதல் வரலாம் என்று கேட்டால், அபசகுனமாகப் பேசுவானேன் என்று சும்மா இருப்பார்கள். கெட்டுப்போய்விட்டது, ஏன் என்று கேட்டால் ஆளாளுக்குக் காரணம் வைத்திருக்கிறார்கள். எம்.டி. கடைசியாகத்தான் பேச வேண்டும் என்பதை முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு கூட்டம் முடிந்துவிடும்.

ஒரு சீட்டில்: “முக்கால்வாசி ஆர்டர் ஒரே பையர். அவங்ககூடப் பேசறது ஒரே ஆள்.” பையர்களோடு பேசி ஆர்டர் பார்ப்பது மெர்ச்சண்டைசிங் மேனேஜர்; எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

இன்னொன்றில்: “எம்.டி. ஊர்ல இல்லாட்டி 5,000 ரூபாய்க்குக்கூட கையெழுத்து கிடைக்காது.” எம்.டி. அதை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

20 ஆகஸ்ட், புதன்

பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை நேற்று முதல் செப்டம்பர் 30 வரை நீக்கியிருக்கிறார்கள். நூல் கொள்முதல் பார்க்கும் பையன் நான் கூப்பிடாமலே வந்து நின்றான். “மேடம், நூல் இப்ப புக் பண்ண வேண்டாங்க. புதுசா ஆர்டர் போட்டா பஞ்சு கப்பல்ல வர்றதுக்குள்ள செப்டம்பர் முடிஞ்சிரும், அதனால பெருசா இறங்காது. ஆனா மில்காரங்க இப்போதைக்கு ஏத்தவும் மாட்டாங்க. ரெண்டு வாரம் பொறுக்கலாம்ங்க.” போன மாதம் வரைக்கும் இவன் என்னிடம் கொண்டு வந்ததெல்லாம் கொட்டேஷன் மட்டும்தான். பொறுக்கச் சொல்லிவிட்டேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி. 50 சதவீதமும் நேற்றே அமலுக்கு வந்தது. வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு உள்ளே வந்தால் பையரின் மெயில்: எல்லா ஆர்டருக்கும் 10 சதவீதம் டிஸ்கவுண்ட் வேண்டுமாம்.

வழக்கப்படி எம்.டி. போனைப் போட்டு, பேரம் பேசி, 7 சதவீதத்தில் முடித்திருப்பார். ஒரு நாள் பொறுங்கள், மெர்ச்சண்டைசிங் மேனேஜர் முடிவெடுக்கட்டும் என்றேன். இன்று காலை அந்த மனிதர் வெள்ளைப் பலகையில் போட்ட கணக்கை அப்படியே எழுதி வைக்கிறேன்.

காட்டன் டி-ஷர்ட், எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை) 3.20 டாலர். பழைய வரி 16.5 சதவீதம், அதாவது 53 சென்ட். இப்போது 50ஐயும் சேர்த்து 66.5 சதவீதம்: 2.13 டாலர். பையர் தலையில் ஏறிய பாரம் 1.60. நாம் 10 சதவீதம் விட்டால் விலையில் 32 சென்ட், அதற்கான வரியில் 21 சென்ட், ஆக 53 சென்ட் குறையும். “அவன் குழியில மூணுல ஒரு பங்குதாங்க ரொம்பும். நம்ம லாபம் மொத்தமும் போயிரும்.”

அதோடு நிறுத்தவில்லை. பங்களாதேஷுக்குக் கூடுதல் வரி 20 சதவீதம்தான். பழையதோடு சேர்த்து 36.5. நாம் அவர்களோடு சரிக்குச் சரி நிற்க வேண்டுமென்றால் 3.20ஐ 2.62க்கு இறக்க வேண்டும். “அந்த ரேட்டுக்கு நூலும் கூலியுமே கட்டாதுங்க. 10 சதவீதம் குடுத்தாலும் அடுத்த சீசன் ஆர்டர் நமக்கு வராது. எதுக்குக் குடுக்கணும்?”

அவர் முடிவு: தைத்து முடித்த சரக்குக்கு மட்டும் நஷ்டத்தைப் பாதிப் பாதி பகிர்வது. புது ஆர்டருக்கு டிஸ்கவுண்ட் இல்லை. காலியாகும் லைன்களுக்கு இங்கிலாந்து பையர்களைத் தேடுவது. ஜூலை 24இல் கையெழுத்தான இந்தியா-இங்கிலாந்து வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் அங்கே நம் ஆடைக்கு வரி இருக்காது. சாம்பிள், ஆடிட் எல்லாம் முடியவே மாதக்கணக்கில் ஆகும், ஆகவே இப்போதே தொடங்க வேண்டும் என்றார்.

நானாக இருந்தால் 5 சதவீதம் கொடுத்து மார்ச் வரை இந்த பையரை இழுத்துப் பிடித்திருப்பேன். அது தப்பென்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் முடிவை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பிடிக்கவில்லை என்று பறித்தால் அடுத்த தடவை அந்தப் பலகைப் பக்கம் யார் வருவார்கள்? மெயில் அவர் பெயரிலேயே போயிற்று. எம்.டி. ஒரு வரியும் திருத்தவில்லை. இன்று முழுக்க யாரிடமும் பேசவும் இல்லை.

2 செப்டம்பர், செவ்வாய்

கட்டிங் மேனேஜர் பேசினார். எங்களிலேயே மூத்தவர், மீட்டிங்கில் பேசுகிறவர் இல்லை. “2011 ஜனவரி கடைசியில டையிங் அத்தனையும் மூடச் சொல்லி ஹைகோர்ட் ஆர்டர் வந்துச்சு. ஒரே நாள்ல ஊரு நின்னு போச்சுங்க. திடுதிப்புனு வந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க திடுதிப்பு? சாயத்தண்ணியைச் சுத்தமா நிறுத்தணும்னு 2006லயே கோர்ட்டு சொல்லியாச்சு. நொய்யல் ஆத்துல இருக்கற ஒரத்துப்பாளையம் அணையில அந்தத் தண்ணி நின்னதை நேர்ல பார்த்தவன் நான். பார்த்துட்டு வந்து அன்னைக்கு ஷிப்மென்ட்டைக் கவனிச்சேன்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: “இப்ப நாம பார்த்துட்டே கண்டுக்காம இருக்கறது எதுங்க?”

ஒடிசா, பீகார் ஆட்களுக்குச் சொந்த ஊரிலேயே தையல் வேலை கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்றார் ஒருவர். உலகம் பாலியஸ்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நாம் காட்டனை விட்டு நகரவில்லை என்றார் இன்னொருவர். காசு கொடுத்து இரண்டு நாள் ஹோட்டலில் நடத்தும் பயிற்சிகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குப் பக்கத்தில்கூட எதுவும் வந்ததில்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

இன்டெல் கதையைச் சொன்னேன். 1985. மெமரி சிப்பில் ஜப்பான்காரர்கள் இன்டெலை அடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் பிரசிடென்ட் ஆண்டி குரோவ், சி.இ.ஓ. கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் தூக்கிவிட்டுப் புதுத் தலைவரைக் கொண்டு வந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அப்படியென்றால் நாமே வெளியே போய்விட்டு, திரும்ப உள்ளே வந்து அதைச் செய்வோம் என்றார் குரோவ்.

“நம்ம கம்பெனியை வேற ஒருத்தர் வாங்கினா?” என்று கேட்டேன். புரொடக்‌ஷன் மேனேஜர் உடனே, “ரெண்டு லைனை ஸ்போர்ட்ஸ் வேருக்கு மாத்துவாருங்க” என்றார். சொல்லிவிட்டு அவரே எழுந்து போய் ஒரு பாலியஸ்டர் பீஸைக் கொண்டு வந்து டியூப்லைட்டில் பிடித்துக் காட்டினார். தையல் ஓரம் வரிசையாகப் பொடி ஓட்டைகள். காட்டனுக்கு ஓட்டும் வேகத்தில் ஓட்டியதால் ஊசி சூடேறி இழை உருகியிருக்கிறது. ஊசி, வேகம், டெய்லர் பழக்கம் எல்லாம் மாற வேண்டும். நாம் ஜாப் ஒர்க் கொடுக்கும் டையிங்கும் ஆகாது. பாலியஸ்டருக்கு 130 டிகிரியில், பிரஷரில் சாயமேற்ற வேண்டும். ஆசையையும் அதன் விலையையும் அவரே ஒன்றாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

23 செப்டம்பர், செவ்வாய்

நேற்று முதல் செயற்கை இழை நூலுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதம். புரொடக்‌ஷன் மேனேஜர் எழுத்தில் கொண்டு வந்தார்: ஒரே ஒரு லைன், 12 லட்சத்துக்கு மேல் செலவில்லை. கீழே ஒரு வரி அடிக்கோடிட்டு: “ஜனவரிக்குள் இரண்டு பையரிடம் சாம்பிள் அப்ரூவல் வராவிட்டால் நிறுத்திவிடலாம்.” தொடங்கச் சொல்லிக் கேட்டவர்கள் நிறைய பேர் இங்கே உண்டு. எப்போது நிறுத்துவது என்பதையும் சேர்த்துக் கொண்டு வந்தவர் இவர்தான்.

எம்.டி. கையெழுத்துப் போட்டார். மேனேஜர்கள் தாங்களாகவே செலவு செய்யும் வரம்பை 50,000 ஆக்கும் சர்க்குலரும் கூடவே வந்தது. அக்கவுண்ட்ஸில் இப்போதே முணுமுணுப்பு. அடுத்த செவ்வாய்க் கூட்டத்தை நடத்தப் போவது கட்டிங் மேனேஜர், எம்.டி.யையும் என்னையும் அவர் கூப்பிடவில்லை.