ஜெர்மன் கோதுமை பீரும் வடசென்னை மூக்கும்

கோதுமை பீர் என்றதும் நம் ஊரில் பாதிப் பேர் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்ட பெல்ஜியம் வகையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்ல வருவது அது இல்லை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து வைஸ்பியர், ஹெஃபெவைசன் என்றும் சொல்வார்கள். அதில் ஆரஞ்சும் கிடையாது, கொத்தமல்லியும் கிடையாது. முளைகட்டி உலர்த்திய கோதுமை பாதிக்குக் குறையாமல், மீதி பார்லி, கசப்புக்காகக் கொஞ்சம் ஹாப்ஸ் பூ, தண்ணீர், அப்புறம் ஒரு தனி ரக ஈஸ்ட், அவ்வளவுதான். ஆனால் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் முந்திக்கொண்டு வரும். இரண்டையும் யாரும் உள்ளே போடவில்லை, எல்லாம் அந்த ஈஸ்ட் பண்ணும் வேலை.

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பேர் கூடி இந்த பீர்களை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. சரக்கு இரண்டு வழியில் வரும். டாஸ்மாக் எலைட் கடைகளில் எப்போதாவது இறக்குமதி பாட்டில் கண்ணில் படும், பட்டால் உடனே வாங்கிவிட வேண்டியதுதான், அடுத்த முறை போனால் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இன்னொரு வழி மியூனிக்கில் வேலை பார்க்கும் என் மைத்துனன். சுங்கத்தில் ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான் வரியில்லாமல் விடுவார்கள், அரை லிட்டர் பாட்டில் என்றால் நாலு. "மாமா, அந்த 2 லிட்டருக்கு நல்ல விஸ்கியா வாங்கிட்டு வரேனே, இதைப் போயா துணியில சுத்தித் தூக்கிட்டு வரணும்?" என்று ஒவ்வொரு தடவையும் புலம்புவான். அப்புறம் கொண்டும் வருவான்.

இங்கே உட்கார்ந்து இந்த பீருக்கு மார்க் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காய்ச்சியவருக்கு மார்க் போடுகிறோமா, இல்லை வழியில் அது வெந்து கிடந்த குடோனுக்குப் போடுகிறோமா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரிக்காமல் "இந்த பிராண்டு சுமார்தான்" என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அந்தக் குடோன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வாசம். வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் வாழைப்பழம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர்கள் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கேவண்டிஷ் ஒன்றுதான், நம்மூர்ப் பச்சைப்பழத்தின் உறவுக்காரன். நமக்கு அப்படியா? பூவன், ரஸ்தாளி, ஏலக்கி, கற்பூரவள்ளி, செவ்வாழை என்று சின்ன வயதிலிருந்து மூக்கு பழகிக் கிடக்கிறது. அதனால் எங்கள் மார்க் தாளில் வாழைப்பழம் என்று மட்டும் எழுதினால் செல்லாது, எந்தப் பழம், எவ்வளவு கனிந்தது என்று எழுத வேண்டும். கெடாமல் வந்து சேர்ந்த வைஹன்ஸ்டெஃபானர் என்ற பவேரிய பிராண்டு பாட்டில் ஒன்றை மோந்துவிட்டு ராயபுரத்து நண்பன் ஒருவன், "மச்சி, இது பூவன் இல்லடா, நல்லா கனிஞ்ச ரஸ்தாளி, தோல்ல புள்ளி விழுந்துகீது பாரு, அந்த மாரி" என்றான். பீர் பற்றி எதுவும் படிக்காதவன். அதைவிடத் துல்லியமான குறிப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இதற்கு எதிர்ப்பக்கம், வாசம் பழமாக இல்லாமல் தள்ளுவண்டி ஐஸில் போடும் எசென்ஸ் மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு வந்தால் மார்க் குறைப்போம். வேதியியல்படி இரண்டும் ஒரே சமாச்சாரம்தான், ஐசோஅமைல் அசிடேட். நல்ல பீரில் அதைச் சுற்றி மாவு வாசம், லேசான வனிலா, கொஞ்சம் எலுமிச்சைப் புளிப்பு எல்லாம் இருக்கும். தனியாக நின்றால்தான் எசென்ஸ்.

கிராம்புப் பக்கத்துக்குப் பொறுப்பு 4-வினைல் குவையக்கால். நிஜக் கிராம்பில் இருக்கும் யூஜினாலுக்கு நெருங்கிய உறவு. தானியத்தின் செல் சுவரில் ஃபெரூலிக் அமிலம் ஒட்டிக்கொண்டிருக்கும், மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, ஊறவைக்கும்போது சுமார் 45 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அது நிறைய வெளியே வரும், அதைத்தான் இந்த ஈஸ்ட் கிராம்பு வாசமாக மாற்றுகிறது. நாம் வழக்கமாகக் குடிக்கும் லேகர் வகை பீரின் ஈஸ்ட்டுக்கு அந்த வித்தை தெரியாது. இதைப் பார்க்கும்போது பிரியாணியில் முழுசாகக் கடிபடும் கிராம்பை நினைத்துக்கொள்ளாதீர்கள், அது ரொம்பக் காரம். தம் உடைத்ததும் ஆவியோடு கலந்து வருமே, அந்த அளவு. பல் டாக்டர் அறை ஞாபகம் வந்தால் அளவு மீறிவிட்டது.

இந்த இரண்டில் எது தூக்கலாக வரும் என்பதைப் புளிக்கவைக்கும் வெப்பநிலை நிறையவே தீர்மானிக்கிறது. குளிர்ச்சியாக வைத்தால் கிராம்பு மேலே வரும், சூடு ஏற ஏற வாழைப்பழம். மார்கழியில் பொங்க அடம்பிடிக்கும் இட்லி மாவும் மே மாதத்தில் மத்தியானத்துக்குள் பாத்திரத்தைவிட்டு வழியும் மாவும் ஒரே மாவுதான் என்றாலும் ருசி வேறாகிறதே, அந்த மாதிரி. பெங்களூருவின் மைக்ரோ புரூவரிகளில் குடித்த சில வைசன்கள் எனக்கு வெறும் வாழைப்பழமாகவே பட்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று என் ஊகம்.

சரி, ஊற்றுவது. இந்த பீரில் பாதி மதிப்பீடு இங்கேயே முடிந்துவிடும். உயரமாக, அடி ஒடுங்கி மேலே விரிந்த அரை லிட்டர் கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உயரமான எந்தக் கண்ணாடி டம்ளரும் சரி. கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஈரத்தோடு நன்றாகச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்ற வேண்டும். அடியில் இரண்டு விரல் அளவு பீரை பாட்டிலிலேயே விட்டு, பாட்டிலைச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கி மேலே விட வேண்டும். கோதுமையின் புரதமும் அதிகப்படியான வாயுவும் சேர்ந்து நுரை கட்டியாக எழும்பும், ஸ்பூனால் அள்ளலாம். உள்ளே பீர் கலங்கலாக, வைக்கோல் நிறத்திலிருந்து அடர்மஞ்சள் வரை இருக்கும். நுரை நிற்காமல் இறங்கினால் பீரைத் திட்டுவதற்கு முன்னால் கிளாஸைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு மிச்சமிருந்தாலோ, நெத்திலி வறுவல் தின்ற எண்ணெய் உதட்டோடு குடித்தாலோ எந்த நுரையும் நிற்காது. எங்கள் மாடியில் அதனால்தான் மார்க் போட்டு முடிக்கும் வரை சைடிஷ் தட்டு கீழே சமையலறையிலேயே இருக்கும். இந்த விதிக்கு எதிர்ப்பு பலமாக இருக்கிறது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு பாட்டிலை நாலு பேர் பங்கு போடும்போது ஒரு தகராறு வரும். முதலில் ஊற்றிக்கொள்பவனுக்குத் தெளிந்த பீர், கடைசி ஆளுக்கு ஈஸ்ட் சகதி. இரண்டு பேரும் வெவ்வேறு பீரைக் குடித்துவிட்டு ஒரே பெயருக்கு மார்க் போடுவார்கள். இதற்கு நாங்கள் கண்ட வழி, திறப்பதற்கு முன் பாட்டிலைப் படுக்கவைத்து மேஜை மேல் மெதுவாக உருட்டி ஈஸ்ட்டைச் சமமாகக் கலப்பது, பிறகு கிளாஸ்களை வரிசையாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவது. உருட்டச் சொன்னால் குலுக்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பாட்டிலைக் கொடுக்காதீர்கள், மாடி முழுக்க நுரைதான். இரண்டு பிராண்டுக்கும் வித்தியாசம் தெரியும் என்று சவால் விடுபவனுக்கு மூன்று கிளாஸ் வைப்போம், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. தனி ஆளைக் கண்டுபிடித்தால்தான் அவன் மேற்கொண்டு பேசலாம். சவாலின் சத்தம் பாதி இங்கேயே அடங்கிவிடும்.

கூலிங் விஷயத்தில் நம் பழக்கத்தைக் கொஞ்சம் விட வேண்டும். ஐஸாக இருந்தால் வாசம் எதுவும் எழும்பாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்சம் காத்திருந்து, எட்டுப் பத்து டிகிரி இருக்கும்போது மோந்து பார்க்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் காத்திருக்கவும் வேண்டாம், பேசி முடிப்பதற்குள் ஏறிவிடும். முதல் மோப்பத்தில் தெரிந்ததை உடனே எழுதிவிட்டு, சூடு ஏறிய பிறகு மறுபடியும் மோந்து பார்ப்பேன். கிராம்பு பல நேரம் இரண்டாவது சுற்றில்தான் தலைகாட்டும்.

அமெரிக்காவின் பீர் நடுவர் அமைப்பான பிஜேசிபியின் தாளில் மொத்தம் 50 மார்க். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. மற்ற பீர்களுக்கு இது சரியாக இருக்கலாம். வைஸ்பியருக்குத் தோற்றத்துக்கு 3 என்பது அநியாயம், வாயுணர்வுக்கு 5 அதைவிட அநியாயம். நாக்கில் மெத்தென்று விரிந்து, வாயு சுறுசுறுவென்று தூக்கி, விழுங்கியதும் இனிப்பு தங்காமல் சுத்தமாக முடிவதுதானே இந்த பீரின் உயிரே. கசப்பு பேருக்குத்தான், ஐபியு என்ற கசப்பு அளவுகோலில் 8 முதல் 15. ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டி. "ஸ்ட்ராங்கா, லைட்டா" என்ற ஒரே கேள்வியோடு வருபவருக்கு இதில் பதில் கிடைக்காது. நாங்கள் தாளைத் திருத்தி வாயுணர்வுக்கு 10 ஆக்கிக்கொண்டோம், சுவையிலிருந்து ஐந்தைப் பிடுங்கி.

இப்போது குடோன் கதை. பீரில் ஆக்ஸிஜன் பண்ணும் நாசம், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக நடக்கும். பவேரியாவின் நிலவறையில் மாதக்கணக்கில் தாங்குவது, துறைமுகத்தில் கன்டெய்னரிலும் ஏசி இல்லாத குடோனிலும் 40 டிகிரியில் நின்றால் எத்தனை நாள் தாங்கும்? முதலில் கிராம்பும் பழமும் மங்கும். பிறகு ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வரும், கூடவே ஒரு மந்தமான தேன் இனிப்பு. இந்த பாட்டிலில் ஈஸ்ட் உயிரோடு வேறு இருக்கிறதே, சூட்டில் அது செத்துக் கரைந்தால் சோயா சாஸ் மாதிரி ஒரு உப்பு வாடை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் நண்பன் ஒருவன் எங்களோடு உட்காருவான். செவுளைத் தூக்கிப் பார்க்காமலேயே மோந்து மீனின் வயதைச் சொல்பவன். ஒரு கடையில் வாங்கிய பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினால், வாயில்கூட வைக்காமல் தள்ளிவிட்டு, "ஐஸ்ல வெக்காம கெடந்த சரக்குண்ணா இது" என்றான். பின்பக்க ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தோம். இறக்குமதியான மாதம் போன கோடைக்கு முந்தையது. காலாவதித் தேதி என்னவோ இன்னும் தாண்டவில்லை. அதனால் எங்கள் தாளில் முதல் வரியே தேதிதான். காலாவதி எப்போது என்பதைவிட, நடுவில் எத்தனை கோடை போயிருக்கிறது என்று பார்ப்போம். கோடையைத் தாண்டி வந்த பாட்டிலுக்கு மார்க் கிடையாது, குறிப்பு மட்டும்.

மைத்துனன் பெட்டியில் நேராக வந்தவற்றை வைத்துச் சொன்னால், வைஹன்ஸ்டெஃபானர்தான் பழமும் மசாலாவும் சரிக்குச் சமமாக நிற்கும் பீர், 5.4 சதவீதம். மியூனிக்குக்குப் பக்கத்தில் ஃபிரைசிங்கில் இருக்கும் அந்த ஆலை பவேரிய அரசாங்கத்துக்குச் சொந்தம், நம் டாஸ்மாக்கை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். ஷ்னைடர் நிறத்திலேயே செம்பு, கிராம்பு முன்னால் வரும், எனக்கு அதுதான் முதல். எர்டிங்கர் சாது, ஆரம்பிப்பவர்களுக்குக் கொடுக்கலாம், மார்க் போட உட்கார்ந்தால் எழுத விஷயம் கம்மி. பௌலானரில் வாழைப்பழம் தூக்கல், காசிமேட்டு நண்பனின் ஓட்டு அதற்கே.

ஷ்னைடர் மேல் எனக்கு இருக்கும் பாசத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1516-ல் பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் போட்ட சட்டப்படி பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான். ஆனால் டேகன்பெர்க் என்ற ஒரு பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பீர் காய்ச்ச உரிமை இருந்தது. 1602-ல் அந்தக் குடும்பம் வாரிசில்லாமல் போக, பவேரியாவின் கோமகன் முதலாம் மாக்சிமிலியான் உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் அரச குடும்பத்தின் வியாபாரம். மவுசு குறைந்து லாபம் படுத்த பிறகு 1872-ல் ஜார்ஜ் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்றார். நாங்கள் குடிப்பது அந்த வீட்டு பீர்தான்.

எலுமிச்சைத் துண்டு செருகுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, வேண்டாம். நுரையும் அடங்கும், ஈஸ்ட் கஷ்டப்பட்டுக் கொடுத்த வாசமும் போகும். அங்கே இதற்குத் துணை வெள்ளைத் தொத்திறைச்சியும் இனிப்புக் கடுகும், அதையும் மத்தியானத்துக்கு முன்னால் சாப்பிடுவார்கள். இங்கே மார்க் தாளை மடித்து வைத்ததும் மேலே ஏறி வருவது நெத்திலியும், பர்மா பஜார் பக்கம் வாங்கிய அத்தோவும். மிளகாய்த்தூளும் புளியும் வறுத்த பூண்டும் கலந்த அந்த நூடுல்ஸுக்குக் கசப்பான பீர் ஒத்துவராது, காரம் இன்னும் ஏறும். கசப்பில்லாத இந்த பீர் காரத்தை அப்படியே தணித்துவிடும்.

அடுத்து வரவேண்டியது ஷ்னைடரின் ஆவன்டினஸ். 1907-லிருந்து காய்ச்சப்படும் கருத்த கோதுமை டோப்பல்பாக், அதாவது கனமான ஸ்ட்ராங் வகை, 8.2 சதவீதம். அதை டிசம்பரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், மே மாதத்தில் இந்த மாடியில் அதைத் திறந்தால் இரண்டாவது மோப்பத்துக்கு ஆள் மிஞ்சமாட்டார்கள்.