மைக்கைக் கண்டால் சேலமே பேசும்

எட்டாம் வகுப்புக்கு 'உள்ளூர் வரலாறு' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். சார்ட் பேப்பரில் படம் ஒட்டிக்கொண்டு வருவார்கள் என்று பார்த்தால், ஊரில் அங்கங்கே கியூஆர் கோடு ஒட்டலாம், ஸ்கேன் செய்தால் அந்த இடத்தின் கதை எங்கள் குரலிலேயே கேட்கும் என்று கிளம்பிவிட்டார்கள். ரெக்கார்டிங்குக்கு என் செல்போன். காற்றுச் சத்தம் விழாமலிருக்க அதன் மேல் ஒரு கைக்குட்டை.

முதலில் ஏற்காடு ரோட்டிலுள்ள மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோவின் நுழைவாயில் அது. "மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்', 1938-ல்..." என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். ஏற்காடு பஸ் ஹாரன் அடித்தது. மறுபடி பாலன், மறுபடி ஹாரன். அந்தப் படத்தைப் பேச வைக்கச் சுந்தரமே இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர் கல்லாவை விட்டே இறங்கி வந்துவிட்டார். "எழுதிக்கோ பாப்பா, சுந்தரம் முதலாளிக்கு இந்தக் கையாலதான் டீ ஆத்திக் கொடுத்தேன்."

"அண்ணா, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"எழுபத்தி நாலு."

"அவரு 1963-லயே இறந்துட்டாருங்களே."

ஒரு கணம்தான் யோசித்தார். "எங்கப்பா ஆத்துனாரு. கை ஒண்ணுதானே? எங்க குடும்பத்துக் கைதானே?" கிளாஸில் டீயைத் தூக்கி ஊற்றிக் காட்டி, நுரை விழும் சத்தத்தையும் பதிவு செய்யச் சொன்னார். செய்தோம். மொத்தத் தொகுப்பிலும் தெளிவாகக் கேட்பது அந்தச் சத்தம்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்த பேர் என்று பையன் அழகாகச் சொல்லி முடித்தான். அப்புறம் பசி. ரோட்டோரம் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய கேரட், பீட்ரூட்டும் வைத்துக் கொடுக்கும் நம்மூர்ச் சொத்து. இதற்கும் ஒரு கியூஆர் கோடு கட்டாயம் வேண்டும் என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. ஒழுங்காக எழுதிப் படிக்கச் சொன்னேன். வாயில் தட்டுவடையோடுதான் படித்தார்கள். நொறுங்குகிற சத்தம் நடுநடுவே வருகிறது, விளக்கமே தேவையில்லை.

கடைசியாகப் பழைய பஸ் ஸ்டாண்டு. "1937-ல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கு வந்தது" என்று ஒரு குட்டிப் பையன் கணீரென்று படித்தான். சுவரில் சாய்ந்திருந்த ஒருவர் மெல்ல நிமிர்ந்தார். மாலை நாலு மணிக்கே நல்ல நிலையில் இருந்தார். மைக்கருகே வந்து, உண்மையான கவலையோடு கேட்டார்: "அப்ப எங்க போய்ப்பா வாங்குனாங்க?"

அந்த ஒரு வரியைத் தூக்கிவிடச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவு. வெட்டத்தான் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு விடவில்லை. "மிஸ், நல்ல கேள்விதானே? பதிலையும் கண்டுபிடிச்சு சேர்த்துடலாமே?"

இரண்டு பேர் நாளைக்குத் தங்கள் தாத்தாக்களைப் பேட்டி எடுக்கப் போகிறார்களாம்.