இருபத்தாறு டன் எங்கே போகும்?

ஜூலை 26, 2024. சங்ககிரி

ஆடி வெள்ளி. கோயிலில் கூழ் ஊற்றி முடிந்ததும் வண்டியடிக்கு வந்துவிட்டேன். பெல்லாரிக்குப் பக்கத்தில் தோரணகல்லு போய் இரும்புக் காயில் (பாய் போலச் சுருட்டிய இரும்புத் தகடு) ஏற்றி, கோவைப் பக்கம் ஒரு குழாய் ஆலையில் இறக்க வேண்டும். இரண்டு காயில், ஒவ்வொன்றும் 13 டன். அக்கா மகன் இந்தத் தடவை கூட வருகிறான். லாரி ஓட்டி நாலு வருடம் ஆகிறது. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவதில் கைகாரன். ஆனால் மூட்டை லோடு வேறு, இரும்பு லோடு வேறு. அதை அவனுக்குக் காட்டத்தான் இந்த நாட்குறிப்பையும் எழுத உட்கார்ந்தேன்.

செயின்களைத் தரையில் நீட்டிப்போட்டு ஒவ்வொரு வளையமாகக் கையால் தடவிப் பார்த்தோம். எல்லாம் 10 மி.மீ., கிரேடு 80 என்ற பலத் தரம். ஒரு கொக்கியின் வாய் லேசாக அகன்றிருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தேன். பெல்ட்டில், அதாவது சாமானைக் கட்டும் பட்டை நாடாவில், மூன்று கழிந்தன. ஒன்றின் ஓரம் அறுந்திருந்தது, இரண்டில் லேபிள் இல்லை. "பெல்ட்டு நல்லாத்தானே இருக்குதுங்க மாமா?" என்றான். லேபிள் போன பெல்ட்டின் பலம் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நம்பி இரும்பைக் கட்ட மாட்டேன்.

ஜூலை 28. தோரணகல்லு

ஆலை வாசலில் வரிசை. நமக்கு முன்னால் முப்பது வண்டியாவது நிற்கிறது. சமைத்தோம், தூங்கினோம், லாரித் தளத்தைக் கூட்டிப் பெருக்கினோம். பெருக்குவதும் கட்டும் வேலையில் சேர்த்திதான். தளத்தில் மண்ணும் எண்ணெயும் கிடந்தால் மேலே வைக்கிற எதற்கும் பிடிமானம் இருக்காது.

ஜூலை 29. தோரணகல்லு

காலை பதினொரு மணிக்கு உள்ளே விட்டார்கள். லோடிங் மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரத்தில் இருந்தார். கிரேன் ஒரு காயிலை வைத்ததும் "கட்டிக்கோ, கிளம்பு" என்றார். நான் மரம் சரியாக உட்காரவில்லை, தூக்கி மறுபடி வையுங்கள் என்றேன். "இருபத்தாறு டன் எங்கே போகும்?" என்று கேட்டார். நம் பையனும் அதையேதான் கேட்டான்: "ஏனுங்க மாமா, இத்தனை கனம் தானா நகருமாங்க?"

முப்பது வருடமாக இந்தக் கேள்வியை எல்லா ஷெட்டிலும் கேட்கிறேன். கனமான சாமான் தன் கனத்தாலேயே நிற்கும் என்று எல்லோரும் நம்புகிறோம். உண்மை அப்படி இல்லை. எடை கூடினால் அடியில் பிடிமானம் கூடும், சரி. பிரேக் போடும்போது முன்னால் தள்ளும் விசையும் அதே அளவுக்குக் கூடும். எடை அங்கே ஒரு உதவியும் செய்வதில்லை.

துறைமுகத்தில் ஒரு பாதுகாப்பு வகுப்பில் பொறியாளர் ஒருவர் சொல்லித்தந்த கணக்கை அட்டையின் பின்பக்கம் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லோடு கட்டும் விதிகள், கடுமையாகப் பிரேக் போட்டால் சாமானின் எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. பக்கவாட்டில் 0.5. அப்படியென்றால் 13 டன் காயிலை 10.4 டன் விசை கேபினை நோக்கித் தள்ளும். மரக்கட்டை மேல் இரும்பு உட்கார்ந்தால் பிடிமானம் எடையில் 0.3 பங்கு என்று வைப்போம். அது 3.9 டன்னைத் தாங்கும். மிச்சம் 6.5 டன்னை நாம்தான் பிடித்து நிறுத்த வேண்டும்.

"அஞ்சு டன் பெல்ட் ரெண்டு போட்டாப் போதுமேங்க" என்றான். லேபிளைப் படிக்கச் சொன்னேன். 50 மி.மீ. பெல்ட்டில் 5 டன் என்று எழுதியிருப்பது அறுந்துபோகும் அளவு. நேராக இழுத்துக் கட்டினால் நம்பக்கூடியது 2,500 கிலோ. அதற்குக் கீழே எஸ்.டி.எஃப். 350 என்று சின்னதாக ஒன்று இருக்கும். ராட்செட் கைப்பிடியை முறுக்கி நாம் உண்டாக்கும் இழுவை அவ்வளவுதான், ஏறக்குறைய 350 கிலோ. சாமானுக்கு மேலே போட்டுக் கட்டும் பெல்ட் இரண்டு பக்கமும் சேர்த்து 700 கிலோ அழுத்தும், அதுவும் செங்குத்தாக இறங்கினால் மட்டும். அதில் 0.3 பங்குதான் பிடிமானம், 210 கிலோ. 6.5 டன்னைப் பிடிக்க 210 கிலோவாக எத்தனை பெல்ட் வேண்டும் என்று அவனையே வகுக்கச் சொன்னேன். முப்பதுக்கு மேல் வந்தது. போனில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தான்.

அதனால்தான் செயின். காயிலின் கண், அதாவது நடு ஓட்டை, பக்கவாட்டைப் பார்க்கும்படி வைத்தோம். அப்படி வைத்தால் அது உருளப் பார்ப்பது முன்னும் பின்னும். முன்னால் என்றால் நம் முதுகு. ஒரு செயினைக் கண்ணுக்குள் நுழைத்து இரண்டு முனையையும் பின்பக்கமாக இழுத்துத் தளத்தில் மாட்டினோம். இது காயிலை முன்னால் போகவிடாது. இன்னொன்றை அதேபோல முன்பக்கமாக. தளத்தோடு 45 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். இந்தச் செயின் நேர் இழுவையில் 6.3 டன் தாங்கும். 45 டிகிரியில் ஒரு காலுக்கு நாலரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், இரண்டு காலுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட ஒன்பது. மேலே ஒரு பெல்ட், துள்ளாமல் இருக்க. அடியில் முன்னும் பின்னும் கருவேலங்கட்டையில் ஆப்பு, ஆணி அடித்து. செயின் உரசும் இடத்தில் காயிலின் விளிம்புக்குத் தடித்த ரப்பர் வைத்தோம். தகட்டு விளிம்பு கத்தி மாதிரி. பெல்ட்டாக இருந்தால் ஓசூர் வருவதற்குள் அறுத்துவிடும்.

மேற்பார்வையாளர் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் அவரே வந்து ஒரு ஆப்பைக் காலால் தட்டிப் பார்த்தார்.

ஜூலை 30. ஹிரியூர்

பெல்லாரி தாண்டி நாற்பது கிலோமீட்டரில் ஓரங்கட்டினேன். பையன் டீக்கு என்று நினைத்துக்கொண்டான். செயினைச் சுத்தியால் தட்டச் சொன்னேன். இறுகிய செயின் 'டிங்' என்று சொல்லும். முன் காயிலின் இடது கால் 'தொப்' என்றது. நேற்று அதைத் தட்டியபோது மணி மாதிரி ஒலித்தது. 13 டன் ஏறி நின்றால் மரம் நசுங்கும், இரும்பு தன் இடத்தைத் தேடிக்கொள்ளும், செயின் தளரும். கட்டினவன் மேல் குற்றமில்லை. திரும்பிப் பார்க்காவிட்டால்தான் குற்றம். அமெரிக்காவில் முதல் 50 மைலுக்குள் ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் கணக்கில் அது சுமார் 80 கிலோமீட்டர். நான் அதற்கு முன்னாலேயே நிறுத்துவேன்.

செயினை இறுக்கும் கருவியான பைண்டரை இரண்டு சுற்று இறுக்கினோம். என்னுடையது ராட்செட் பைண்டர். முன்பு நீளமான லீவர் பைண்டர்தான் வைத்திருந்தேன். அது எகிறி அடித்து எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்குத் தாடை உடைந்ததைப் பார்த்தபிறகு மாற்றிவிட்டேன். இப்போதும் பலர் லீவரில் குழாயை மாட்டித் தொங்குகிறார்கள். பார்க்கவே வயிறு கலங்குகிறது.

சாப்பிடும்போது பையன் 2016-இல் என் வண்டிக்கு நடந்த விபத்தைப் பற்றிக் கேட்டான். வீட்டில் அரைகுறையாகக் கேட்டிருப்பான் போல. முழுதாகச் சொன்னேன்.

இரும்புத் தகடு, 18 டன். நாலடி அகலம், அடுக்கின் உயரம் ஒரே ஒரு அடி. எட்டு பெல்ட் போட்டிருந்தேன், எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தியாக இருந்தேன். உயரம் குறைந்த சாமான் மேல் போட்ட பெல்ட் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டு தளத்துக்கு இறங்கும். கோணம் முப்பது டிகிரி என்றால் அழுத்தம் பாதி. என்னுடையது அதைவிடப் படுத்திருந்தது. அச்சுக்குச் சமமாக எடை விழ வேண்டும் என்று அடுக்கைக் கொஞ்சம் பின்னால் வைத்திருந்தார்கள். முன்தடுப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டரை அடி சும்மா கிடந்தது. மரத்தை அடுக்கி அந்த இடைவெளியை நான் அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு கார் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மேல் தகடுகள் சீட்டுக்கட்டைத் தள்ளினது போல வழுக்கி வந்தன. அந்த இரண்டரை அடியில் அவை வேகம் பிடித்துவிட்டன. முன்தடுப்பு மடங்கி, கேபினின் பின்சுவர் உள்ளே வந்தது. பின் படுக்கையில் கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

பையன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

ஜூலை 31. தொப்பூர்

கிருஷ்ணகிரி வரை மழை, அப்புறம் வெளுத்தது. தர்மபுரி தாண்டி, கணவாய் இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு முழுச் சுற்று வந்தோம். நனைந்த மரம் மறுபடி கொஞ்சம் அமுங்கியிருந்தது. ஒரு சுற்று இறுக்கினோம். ஆப்பில் ஒரு ஆணி கிளம்பியிருந்ததைப் பையனே கண்டுபிடித்து அடித்தான்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கத்தால் எத்தனை வண்டி இங்கே போயிருக்கிறது. மேலே நிற்கும்போதே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறங்கியபின் குறைக்கப் பார்த்தால் விழாது, பிரேக் டிரம் காய்ந்து புகையும். இறக்கத்தில் சாமான் ஏற்கெனவே முன்னால் சாய்ந்துதான் நிற்கிறது. அங்கே திடீர்ப் பிரேக் என்றால் செயினுக்குச் சமதளத்தைவிட அதிகச் சோதனை. இரட்டைப் பாலம் வரை மூன்றாம் கியரில் வந்தோம். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

கீழே சோதனைச் சாவடியில் பில்லையும் எடைச்சீட்டையும் பார்த்து அனுப்பினார்கள். பாரம் கூடினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சாமான் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் இத்தனை வருடத்தில் எந்தச் சாவடியிலும் என் செயினை ஒருவரும் தட்டிப் பார்த்ததில்லை. எடை சரியாக இருந்து கட்டு சரியில்லாத வண்டி அதே வாசலைத் தாண்டித்தான் இறக்கத்திலும் ஏற்றத்திலும் ஓடுகிறது. இது எனக்குப் பெரிய ஆற்றாமை.

ஆகஸ்ட் 1. கோவை

இறக்கியாயிற்று. அவிழ்ப்பதற்கு முன்னால் காயில் ஆப்பில் சாய்ந்து நிற்கிறதா, தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழியில் சாமான் நகர்ந்திருந்தால் செயின்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். விட்ட கணம் உருளும். கிரேன் கொக்கி கண்ணில் மாட்டி எடையைத் தாங்கிய பிறகே கடைசிச் செயினை விட்டோம். தளத்தில் இரண்டு காயில் இருந்த இடத்திலும் மரத்தில் அரை அங்குலம் பள்ளம். பையன் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 3. சங்ககிரி

ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் கரைபுரண்டு போகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

சாயங்காலம் அந்தக் கிளீனர் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு எடைமேடையில் கணக்கு எழுதுகிறான். இந்தத் தடவை அக்கா மகனும் கூட வந்தான். "வாங்கண்ணா" என்று எழுந்தான், உட்காரச் சொன்னேன். வண்டிகள் மேடை ஏறும்போது அவன் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை, சாமானைத்தான் பார்க்கிறான். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் ஒரு குழாய் லோடு டிரைவரிடம் பெல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, பிரித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். அந்த டிரைவர் இறங்கிப் பிரித்தார்.

திரும்பி வரும் வழியில் போன் வந்தது. அடுத்த லோடு சென்னையிலிருந்து. இரும்புத் தகடு, 18 டன். உயரம் எவ்வளவு என்று கேட்டேன். ஒரு அடிதான் வரும் என்றார்கள். பையன் என் முகத்தைப் பார்த்தான். ஒத்துக்கொள்வதாகச் சொன்னேன், ஏற்றும் இடத்தில் மூன்று மணி நேரம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதலில் மறுத்தார்கள், அப்புறம் சரி என்றார்கள்.

பெல்ட்டை நம்பி இதைக் கட்டப்போவதில்லை. அடியிலும் அடுக்குகளுக்கு நடுவிலும் ரப்பர் விரிப்பு, அதில் பிடிமானம் 0.6 வரை கிடைக்கும். முன்னால் இடைவெளியை முழுக்க மரத்தால் அடைக்க வேண்டும். பக்கத்தில் நிறுத்த இரும்புக் கம்பம் ஆறு. தகட்டின் முன்முகத்தில் குறுக்குக் கட்டை வைத்து, அதைச் சுற்றிச் செயினைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும், இரண்டு பக்கமும். பையன் இதையெல்லாம் பட்டியல் எழுதிக்கொண்டு, மரத்தின் நீளம் மட்டும் தெரியவில்லை என்றான். டேப்பை எடுத்துக்கொண்டு இருட்டில் வண்டியடிக்குப் போயிருக்கிறான், முன்தடுப்பிலிருந்து அளக்க.