வாதத்தை விழுத்தத் தேவையில்லை, ஆட்டிவிட்டால் போதும்

உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கவியல்) படித்த பிள்ளைகளுக்கு, சட்டக் கல்லூரிகளுக்குப் போக எழுதும் எல்சாட் (LSAT), முகாமைத்துவ மேற்படிப்புக்கு எழுதும் ஜிமேட் (GMAT) பரீட்சைகள் சுகமாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கிளிநொச்சியில் எங்களோடு சேர்ந்து படித்தவர்களில், 'வாதத்தைக் கூடுதலாக வலுவிழக்கச் செய்யும் தெரிவு எது' என்ற வினாவில் தடக்குப்பட்டு நின்றது பெரும்பாலும் அவர்களே. இரண்டு கூற்றுகளிலிருந்து ஒரு முடிவை எடுக்கும் நியாயத்தொடையில் ஒரு விதி மீறப்பட்டால் வாதம் முழுதாக விழும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரேயடியாக விழுத்துகிற விடையைத் தேடுவார்கள். அப்படி ஒன்று தெரிவுகளில் இருப்பது அரிது. முடிவின்மேல் உள்ள நம்பிக்கை கொஞ்சம் குறைந்தால் போதும்.

எல்சாட்டில் 2024 ஓகஸ்ட் தொடக்கம் புள்ளிக்குச் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்க நியாயம்தான், ஒவ்வொன்றும் 35 நிமிடம். ஜிமேட் மொழிப் பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 வினா, அதிலும் இந்த வகை வரும். ஆகவே இதை விட்டுவிட்டுப் போக வழியில்லை.

எங்களூர் விசயத்திலேயே ஒரு வினாவைக் கட்டிப் பார்ப்போம். இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு வாய்க்காலில் சிறுபோகம் செய்தவர்களில், புதிய இன விதைநெல் விதைத்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஏக்கருக்குக் கூடுதல் மூட்டை கிடைத்தது. ஆகவே விளைச்சல் கூடியதற்குப் புதிய விதைநெல்தான் காரணம்.

மூட்டைக் கணக்கு பிழையாக இருக்கும் என்று சண்டை பிடிக்காதீர்கள். எடுகூற்று, அதாவது முடிவுக்கு ஆதாரமாகச் சொன்ன கூற்று, தரப்பட்டது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கை வைக்க வேண்டிய இடம் அந்த 'ஆகவே'.

இப்போது தெரிவுகள். 'புதிய விதைநெல்லின் விலை கூட' என்றால் கண் உடனே அதில் போய் நிற்கும், கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். ஆனால் இலாபத்தைப் பற்றி வாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 'புதிய நெல் விதைத்த சிலருக்கு விளைச்சல் குறைவு' என்பதும் உதவாது. சிலர் என்றால் இரண்டு பேராகவும் இருக்கலாம். 'இரு பகுதியினரும் ஒரே அளவு பசளைதான் போட்டார்கள்' என்பது வாதத்துக்கே துணை போகிறது, வேறு காரணம் ஒன்றை அடைத்துவிடுகிறது. 'புதிய நெல் விதைத்தவர்களில் அநேகரின் வயல் வாய்க்காலின் தலைப்பில் இருந்தது, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் பிந்தியே வந்தது.' இதுதான் விடை. புதிய நெல் நல்ல நெல்லாகவே இருக்கலாம், அதை இந்தத் தெரிவு மறுக்கவில்லை. விளைச்சல் தண்ணீராலும் கூடியிருக்கலாம் என்ற கதவைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அளவையியல்காரருக்குத் தத்துவஞானி ஜோன் ஸ்டுவார்ட் மில்லின் வேற்றுமை முறை ஞாபகம் வந்திருக்கும். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருந்தால்தான் அந்த ஒன்றைக் காரணம் என்று சொல்லலாம். சமமில்லாத இன்னொன்றைக் காட்டுகிற தெரிவைத் தேடுங்கள். நியாயத்தொடையைவிட மில்தான் இங்கே கை கொடுப்பார்.

காரணம் சொல்லாத வாதங்களும் வரும். கருத்துக்கணிப்பு என்றால் யாரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். திட்டம் என்றால் எது குறுக்கே நிற்கும் என்று பாருங்கள். எதுவானாலும் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, 'இது வேறு எதனாலும் நடந்திருக்குமா, எது இடையில் குழப்பும்' என்று முதலில் நீங்களே யோசியுங்கள். அப்புறம் கையை எடுங்கள். தெரிவு நம்ப ஏலாததாகப் பட்டாலும் பரவாயில்லை, 'பின்வருவன உண்மையாயின்' என்று வினாவே சொல்லிவிடுகிறது.

கொழும்புக்குப் போய் வகுப்பெடுக்க எல்லாராலும் ஏலாது. எல்சாட் நடத்துபவர்களின் லோஹப் (LawHub) இணையத்தளத்தில் இலவசக் கணக்கிலேயே முழுப் பயிற்சித் தாள்கள் கிடைக்கும். ஜிமேட்டுக்கும் இரண்டு இலவசப் பரீட்சைகள் உண்டு. அவற்றைச் சும்மா செய்து முடித்துவிடாதீர்கள். ஐந்து தெரிவில் பிழையான நான்கும் ஏன் பிழை என்று பக்கத்தில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் எங்களில் முன்னேறியவர்கள் அதைச் செய்தவர்கள்.

கடைசியாக, 'இவற்றுள் எது வலுவிழக்கச் செய்யாது' என்று மாற்றிக் கேட்கும் வினா. நான்கு தெரிவு வலுவிழக்கச் செய்யும், மிஞ்சுகிற ஒன்று வாதத்தைப் பலப்படுத்த வேண்டும் என்று தேடி நேரத்தை விடாதீர்கள். அது சம்பந்தமே இல்லாததாகவும் இருக்கலாம்.