தெருவிளக்கு அணைந்த அன்று என் மந்திரக் கணக்கு நேரானது

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்பிளே ஆட்டம் ஒன்றை, நானே உருவாக்கிய கற்பனை உலகத்தில் நடத்துகிறேன். அதன் நேற்றைய செஷனில் ஒரு தெரு இருண்டுபோனது. உலகத்தில் மந்திரம் எவ்வளவு இருக்கலாம் என்று எட்டு மாதமாக நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கேள்வி அந்த இருட்டில்தான் அவிழ்ந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இது என் உலகத்தின் மூன்றாம் வரைவு. முதலில் நூறு பேரில் ஒருவருக்கு மந்திரம் வரும் என்று வைத்தேன். அதிகமாகப் பட்டது. ஆயிரத்தில் ஒருவர் ஆக்கினேன், பிறகு ஐயாயிரத்தில் ஒருவர். எண்ணை எவ்வளவு குறைத்தாலும் பிளேயர்கள் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு பழைய நகரத்தில் இன்னும் ஏன் எண்ணெய் விளக்கு?"

அவர்கள் கேட்டது நியாயம். கன்டினியுவல் ஃப்ளேம் என்ற அணையா விளக்கு மந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்த டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் (டி.என்.டி.) ஆட்டத்தின் 5ஆம் பதிப்பில் அது 2ஆம் லெவல் ஸ்பெல் (மந்திரம்). 50 பொற்காசு பெறும் மாணிக்கத் தூள் செலவாகும். யாராவது டிஸ்பெல் செய்து மந்திரத்தைக் கலைக்கும்வரை அணையாது. 3ஆம் லெவல் கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி) ஒருவர் போதும். வாரத்துக்கு ஒரு விளக்கு என்றால் ஆண்டுக்கு 52, முப்பது ஆண்டில் 1,560. தலைமுறைக்கு ஒரே கிளெரிக் என்றாலும் முந்நூறு ஆண்டில் 15,600 விளக்குகள் சேர்ந்துவிடும். ஊருக்கு ஒரே மந்திரக்காரர் இருக்கும் உலகத்திலேயே இரவு காணாமல் போகிறது! இத்தனை நாளும் ஆள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் விட்டுப்போவதைத்தான் எண்ணியிருக்க வேண்டும்.

மாணிக்கத்தைக் கிடைக்காத பொருளாக்கிப் பார்த்தேன். பிளேயர்கள் சுரங்கம் தேடிக் கிளம்பிவிட்டார்கள், நான்கு செஷன் அதிலேயே கரைந்தது. மந்திரத்துக்குத் தடை போடும் அரசனை வைக்கலாம்தான், ஆனால் அந்த வழி எனக்குப் பிடிப்பதில்லை. தடை வந்துவிட்டால் மேசையில் நடக்கும் எல்லாக் கதையும் தடையைப் பற்றிய கதையாகிவிடும்.

2004இல் வந்த எபெரான் என்ற டி.என்.டி. உலகம் இதே கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டது. சின்ன மந்திரம் தெருவெங்கும் உண்டு, பெரிய மந்திரம் அபூர்வம். அங்கே தெருவிளக்கே இந்த ஸ்பெல்தான். நேர்மையான விடை, எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை. ஆனால் என் உலகத்துக்கு இரவு வேண்டும்.

கடைசியில் நான் சேர்த்தது ஒரே ஒரு வரி: போட்டவர் மூச்சு நின்றால் அவர் போட்ட மந்திரமும் நிற்கும். விளக்கு, பூட்டு, காவல் வட்டம், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எந்த நகரத்திலும் உயிரோடு இருப்பவர்களின் விளக்கு மட்டுமே எரியும். இரண்டு செஷனுக்கு முன்பே பிளேயர்களிடம் இதைச் சொல்லியிருந்தேன், அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று அவர்கள் துறைமுகத்துக்குத் திரும்பும்போது அந்தி. "வலைக்காரர் தெருவில் இன்று விளக்கு இல்லை. எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். ரோக் (திருட்டில் கைதேர்ந்த பாத்திரம்) ஆடுபவர் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்தார். "அந்தப் பாட்டி போய்ட்டாங்களா?" என்றார். என் மேசையில் ஒரு என்பிசியின், அதாவது நானே பேசவைக்கும் துணைப்பாத்திரத்தின், சாவுக்கு இப்படி ஓர் அமைதி விழுந்ததே இல்லை. அதற்குப் பிறகு யாரும் சண்டை தேடவில்லை. இனி எந்தத் தெருவுக்கு யார் விளக்குப் போடுவது, பாட்டியின் பூட்டுகள் எங்கெல்லாம் திறந்துகிடக்கும் என்றே மூன்று மணி நேரம் ஓடியது. அந்தப் பூட்டுப் பட்டியலை நான் யோசித்து வைக்கவே இல்லை, அவர்களே எழுதினார்கள்.

பிளான்ட் குரோத் என்ற விளைச்சல் மந்திரம் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. எட்டு மணி நேரம் ஓதினால் அரை மைல் ஆரத்துக்குள் ஓராண்டுக்கு இரட்டை விளைச்சல். ஒரு வட்டம் ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர். ஒரு ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்) நாளுக்கு ஒரு வட்டமாக 100 நாள் ஓதினால் 200 சதுர கிலோமீட்டர். ஓராண்டில் தானே முடிந்துவிடும் மந்திரம் என்பதால் என் புது விதி அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. வடக்கு நாட்டின் கதை முழுக்கப் பஞ்சத்தின் மேல் நிற்கிறது, அதை விடவும் மனமில்லை.

கர்ப்ஸ் என்ற இன்னொரு ரோல்பிளே ஆட்டத்தில் மானா, அதாவது மந்திரத்துக்கான ஆற்றல், இடத்துக்கு இடம் மாறும். குறைந்த இடத்தில் ஸ்பெல் போடும் திறனில் 5 குறையும், அறவே இல்லாத இடத்தில் ஒன்றும் நடக்காது. அதை வடக்குக்கு மட்டும் இரவல் வாங்கி, அறுகோணக் கட்டத்தாளில் கட்டம் கட்டமாகக் குறித்துவருகிறேன். போன முறை வாங்கிய தாளில் மை ஊறிப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுகிறது, எல்லையே தெரிவதில்லை. தடித்த தாள் சொல்லியிருக்கிறேன். வரும்வரை வண்ணப் பென்சில்தான். பதினொரு கட்டம் முடிந்திருக்கிறது, மலையடிவாரம் முழுக்க பாக்கி. ரெய்ஸ் டெட் மந்திரத்தின் பக்கம் இன்னும் போகவே இல்லை: செத்தவர் எழுந்துவிட்டால் அவர் விளக்குகளும் திரும்ப எரியுமா என்று அந்த ரோக் நேற்றே கேட்டுவிட்டார்.