இடம் மறைந்து பெயர் வெளிப்பட்ட குரல்: போர்க்கால பிபிசி நாட்குறிப்பு

12 அக்டோபர் 2024, சனி

இந்த வாரம் முழுவதும் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுத விரும்புகிறேன்: 1940 அக்டோபர் 15. அன்றிரவு லண்டனில் பிபிசியின் தலைமைக் கட்டடமான பிராட்காஸ்டிங் ஹவுஸுக்குள் குண்டு வெடித்தது; ஒன்பது மணிச் செய்தி அப்போது ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. அந்த இரவைப் புரிந்துகொள்ள, ஓராண்டு முன்னர் தொடங்கிய ஏற்பாடுகளிலிருந்து வர வேண்டும்.

அமைதிக் காலத்தில் பிபிசி ஒலிபரப்பிகள் ஒவ்வொன்றும் எந்த ஊரில் நிற்கிறது, எந்த அலைநீளத்தில் பேசுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. திசையறியும் கருவி பொருத்திய விமானம் ஒன்றுக்கு அதுவே போதும். தெரிந்த இரண்டு நிலையங்களின் திசையைக் கணித்தால், இருட்டிலும் மேகத்திலும் தான் எங்கே பறக்கிறோம் என்பதை அது கண்டுகொள்ளும். எனவே 1939 செப்டம்பர் 1 அன்று தேசிய நிகழ்ச்சியும் வட்டார நிகழ்ச்சிகளும் நிறுத்தப்பட்டு, 'ஹோம் சர்வீஸ்' என்ற ஒரே நிகழ்ச்சி தொடங்கியது. அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து நடந்துவந்த தொலைக்காட்சி ஒளிபரப்பும் அன்றே நின்றது. ஹோம் சர்வீஸ் 391 மீட்டர், 449 மீட்டர் ஆகிய இரண்டு அலைநீளங்களில் மட்டும் வந்தது. ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்த ஒலிபரப்பிகள் பல, ஒரே அலைநீளத்தில், அதிர்வு சிறிதும் பிசகாமல் இணைந்து ஒரே நிகழ்ச்சியை அனுப்பியதால், விமானத்தின் கருவிக்குத் தெளிவான திசை எதுவும் கிடைக்காது.

விமானம் ஓர் ஒலிபரப்பிக்கு மிக அருகில் வந்துவிட்டால் மட்டுமே இந்தத் தந்திரம் பலிக்காது. அந்த நிலையில் விமானப் படையின் போர் விமானத் தலைமையகம் சொல்லும்போது அந்த ஒலிபரப்பியை மட்டும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பகுதியில் வானொலியைத் திறந்து வைத்திருப்பவருக்குத் தொலைவிலிருக்கும் மற்றவற்றின் ஒலி, மங்கலாகவும் சிதைந்தும், வந்துகொண்டுதான் இருக்கும். போர்க்காலத்தில் ஒரு நாட்டின் வானொலி வாய்மூடாமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. தாக்குதலின்போது நிலையங்களை முழுதாக மூடியிருந்தால் அச்சமும் வதந்தியும் அந்த வெற்றிடத்தை நிரப்பியிருக்கும்.

13 அக்டோபர், ஞாயிறு

நேற்று எழுதியது குரல் புறப்படும் இடத்தைப் பற்றி. இன்று குரலுக்கு உரியவரைப் பற்றி எழுத வேண்டும்.

போருக்கு முன் பிபிசி செய்தி வாசிப்பாளர் தம் பெயரைச் சொல்வதில்லை. தனி மனிதர் பின்னால் நிற்க, நிறுவனமே பேச வேண்டும் என்பது அதன் கொள்கை. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. அன்று மாலையே, ஜெர்மனியை ஆதரித்த நார்வே அரசியல்வாதி விட்குன் குவிஸ்லிங் ஆஸ்லோ வானொலியில் தோன்றி, தாமே அரசுத் தலைவர் என்று அறிவித்தார். ஒலிவாங்கியைக் கைப்பற்றியவன் அரசையே கைப்பற்றியதாகப் பேச முடியும் என்பதை ஐரோப்பா அன்று கண்டது. பிரிட்டனுக்குள்ளிருந்தே பேசுவதைப் போலப் பாசாங்கு செய்த ஜெர்மன் வானொலிகளும் அந்த ஆண்டில் இயங்கின. பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, அடுத்த படையெடுப்பு இங்கிலாந்தின் கரைக்குத்தான் என்ற எண்ணம் பரவியிருந்தது.

அந்தக் கோடையில்தான், "இதோ செய்திகள், வாசிப்பவர் ஆல்வார் லிடெல்" என்ற வகையில் வாசிப்பாளர்கள் தம் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். இது புகழுக்காக வந்த வழக்கம் அன்று. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு பெயரோடு மக்கள் மனத்தில் பதிந்துவிட்டால், நாளை ஒரு போலிக் குரல் 'சரணடையுங்கள்' என்று சொன்னாலும் கேட்பவர் அடையாளம் கண்டுகொள்வார் என்ற கணக்கே அதன் காரணம். முன்பு ஒலி எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்தது, பேசுபவர் பெயரில்லாதவர். போர் இரண்டையும் தலைகீழாக்கியது: இடம் மறைக்கப்பட்டது, ஆளின் பெயர் வெளியே வந்தது. இந்த வாரம் நான் எழுத நினைத்ததன் மையம் இதுதான்.

14 அக்டோபர், திங்கள்

அக்காலத்து ஒரு நாளின் நிகழ்ச்சிநிரலைச் சுருக்கமாகக் குறித்துவைக்கிறேன். காலை 7, 8, பகல் 1, மாலை 6, இரவு 9, நள்ளிரவு 12 ஆகிய மணிகளில் செய்தி. காலைச் செய்திக்குப் பின், பங்கீட்டில் கிடைப்பதைக் கொண்டு சமைப்பது எப்படி என்று சொல்லும் ஐந்து நிமிட நிகழ்ச்சி. காலை பத்தரைக்கும் பிற்பகலிலும் தொழிற்சாலைகளுக்கென்றே இடைவிடாத இசை. மாலையில் குழந்தைகள் நேரம். வானிலை அறிவிப்பு மட்டும் கிடையாது. நாளை மேகமூட்டமா வெயிலா என்பது குண்டு வீச வருபவனுக்கும் பயன்படும் செய்தி என்பதால், போர் முடியும் வரை அது நிறுத்திவைக்கப்பட்டது.

15 அக்டோபர், செவ்வாய்

1940இலும் இது செவ்வாய்க்கிழமையே. லண்டன் மீது இரவுதோறும் குண்டுவீச்சு நடந்த வாரங்கள் அவை. பிராட்காஸ்டிங் ஹவுஸின் இசையரங்கில் மெத்தைகளை விரித்து ஊழியர்கள் உறங்கினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே போர்வைகளைத் தொங்கவிட்டு மறைப்பு அமைத்திருந்தார்கள். செய்தி வாசிப்பு அடித்தளத்துக் கலையகத்துக்கு இறங்கியிருந்தது.

அன்று மாலை, தாமதித்து வெடிக்கும் குண்டு ஒன்று மேல்தளத்து ஜன்னல் வழியே உள்ளே வந்து ஐந்தாம் தளத்தில் கிடந்தது. ஒன்பது மணிச் செய்தி தொடங்கிச் சற்று நேரத்தில் அது வெடித்தது. 7 ஊழியர்கள் இறந்தார்கள். கீழே வாசித்துக்கொண்டிருந்தவர் புரூஸ் பெல்ஃப்ரேஜ். அந்த ஒலிப்பதிவை இன்று மீண்டும் கேட்டேன். மந்தமான ஓர் அதிர்வொலி வருகிறது, வாசிப்பு ஒரு கணம் தடைப்படுகிறது, அருகிலிருப்பவர் தாழ்ந்த குரலில் ஒன்றுமில்லை, தொடருங்கள் என்பதைப் போல ஏதோ சொல்வது கேட்கிறது, வாசிப்பு தொடர்கிறது. கூரையிலிருந்து உதிர்ந்த தூசியும் கரியும் அவர் மேலும் தாளின் மேலும் படிந்திருந்தன. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இவை எதுவும் சொல்லப்படவில்லை.

அந்தத் தயக்கத்தின் நீளத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பெல்ஃப்ரேஜ் போருக்கு முன் நடிகராக இருந்தவர். குரலை ஆளும் பயிற்சி அவருக்கு உண்டு. ஆனால் மேல்தளத்தில் என்ன ஆனது, யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்பது தெரியாத நிலையில் அடுத்த வாக்கியத்தை எடுப்பதற்கு நடிப்புப் பயிற்சி மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். செய்தியின் தொடக்கத்தில் அவர் தம் பெயரைச் சொல்லியிருந்தார். பெயர் சொன்ன குரல் பாதியில் மாறியிருந்தால், அல்லது நின்றிருந்தால், லட்சக்கணக்கான வீடுகளில் அதற்கு ஒரே பொருள்தான் இருந்திருக்கும். முந்தைய கோடையில் வகுத்த ஏற்பாட்டின் முழு எடையும் அந்தச் சில நொடிகளில் ஒரு மனிதரின் தொண்டையில் வந்து நின்றது. அவர் இடறவில்லை என்பதற்காக அவர் மீது எனக்குள்ள மரியாதை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கூடுகிறது. பெயர் சொல்ல வாய்ப்பில்லாத அந்த 7 பேரையும் அதே அளவுக்கு நினைக்க வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 8 இரவு, கட்டடத்துக்கு வெளியே போர்ட்லேண்ட் பிளேஸ் தெருவில் பாராசூட்டில் இறக்கப்பட்ட கண்ணிவெடி ஒன்று வெடித்து மேலும் பெரிய சேதத்தை விளைவித்தது. ஒலிபரப்பு அப்போதும் தொடர்ந்தது.

17 அக்டோபர், வியாழன்

1941இல் வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷயர்க்காரரைச் செய்தி வாசிக்க அழைத்தார்கள். அவருடைய வட்டாரப் பேச்சை ஜெர்மானியர் போலியாகப் பேசுவது கடினம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கேட்பவர்களுள் பலருக்கு அது பிடிக்கவில்லை. செய்தி என்றால் தென் இங்கிலாந்தின் படித்த உச்சரிப்பில்தான் வர வேண்டும் என்று அவர்கள் பழகியிருந்தார்கள். யாருடைய குரலை நம்புவது என்பதில் வர்க்கமும் வட்டாரமும் எவ்வளவு கலந்திருந்தன என்பதை இந்த எதிர்ப்பு காட்டுகிறது.

அதே ஆண்டு மே 3 அன்று லண்டனிலிருந்து தமிழ் ஒலிபரப்பும் தொடங்கியது. பிற்காலத்தில் தமிழோசை என்று நாம் அறிந்தது அதன் வழிவந்ததே. போரின் தேவைக்காக மொழிகள் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் நம் மொழியும் அந்தச் சிற்றலைக்குள் நுழைந்தது.

ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகு, 1945 ஜூலை 29 அன்று ஒரே நிகழ்ச்சி என்ற ஏற்பாடு கைவிடப்பட்டது. வட்டார நிகழ்ச்சிகள் தத்தம் அலைநீளங்களுக்குத் திரும்பின; ஒலிபரப்பி நிற்கும் ஊரை மறைக்க வேண்டிய காரணம் மறைந்தது. செய்தி வாசிப்பாளர்களும் தம் பெயரைச் சொல்வதை நிறுத்தினார்கள்.